மூலிகையா, கெமிக்கலா? போத்தலைப் பார்க்க முன் பிள்ளையின் பல்லைப் பார்ப்போம்

கடந்த தவணைப் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, என்னுடைய தரம் 5 மாணவன் ஒருவனின் உம்மா மட்டும் வகுப்பறைக் கதவடியில் நின்றார். கொட்டாஞ்சேனையில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர். கைப்பைக்குள் இருந்து இரண்டு போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பச்சை நிறம், வேப்பிலையும் கராம்பும் படம் போட்டது. மற்றது நீல நிறம், பாமசியில் வாங்கியது. இரண்டுமே வாய் கொப்பளிக்கும் மருந்து, நாம் 'மவுத்வொஷ்' என்று சொல்வது.

"டீச்சர், இதுல எது நல்லம்? இது மூலிகை, மற்றது கெமிக்கல். மூலிகைதானே புள்ளைக்கு நல்லம்?"

போத்தல்களோடு ஒரு துண்டையும் நீட்டினார். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் கொடுத்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் ஆழமான சூத்தை, உடனே சிகிச்சைக்கு வரவும் என்று எழுதியிருந்தது. திகதியைப் பார்த்தேன். ஐந்து மாதம் கடந்திருந்தது.

அந்த ஐந்து மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. காலையும் இரவும் பிள்ளையை மூலிகைத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்திருக்கிறார். வலித்த இரவுகளில் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்திருக்கிறார். வலி அடங்கியது. வலி அடங்கியதால் பல் குணமாகிறது என்று நம்பியிருக்கிறார். அக்கறை இல்லாத தாய் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அக்கறை எல்லாம் போத்தலுக்குப் போய்விட்டது, பல்லுக்குப் போகவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், பிள்ளைகள் தொடர்ந்து பிழையான விடை தந்தால் முதலில் நீங்கள் கேட்ட கேள்வியைத் திருப்பிப் பாருங்கள் என்று சொல்வார். மூலிகையா, கெமிக்கலா என்ற கேள்வியும் அப்படித் திருப்பிப் பார்க்க வேண்டிய ஒன்று. நான் பல் வைத்தியர் அல்ல. விஞ்ஞானமும் சுகாதாரமும் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்து கொண்டதை, என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைப் போன்ற மற்றவர்களோடும் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பல் எப்படிச் சூத்தையாகிறது?

எம் எல்லோருடைய வாயிலும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் சில, குறிப்பாக ஸ்ட்ரெப்டோகோக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை, நாம் உண்ணும் சீனியைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்துக்குள் அந்த அமிலம் தங்கி நிற்கிறது. அங்கே பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, எனாமல் என்று நாம் அறிந்த வெளிப்பூச்சில் இருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்கும்.

ஆனால் அல்லாஹ் எமது உமிழ்நீரில் ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறான். சாப்பிட்டு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் போக, உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த கனியுப்பைத் திரும்பவும் பல்லில் படிய வைக்கிறது. இப்படி ஒரு நாளில் பல தடவை பல் கரைகிறது, பல தடவை திருத்தப்படுகிறது. கரைவது கூடி, திருத்தம் குறைந்தால் மாதக் கணக்கில் அது சூத்தையாகிறது.

ஆகவே சூத்தைக்கு மூன்று விடயங்கள் வேண்டும்: பற்றீரியாப் படலம், சீனி, நேரம். மவுத்வொஷ் விளம்பரங்கள் எல்லாம் முதலாவதை மட்டுமே பேசுகின்றன. 'கிருமிகளைக் கொல்கிறது' என்ற வசனம் பச்சைப் போத்தலிலும் உண்டு, நீலப் போத்தலிலும் உண்டு. கிருமியைக் கொன்றால் சூத்தை வராது என்று நாமும் முடிவு செய்து கொள்கிறோம்.

எமது தேயிலைத் தோட்டங்கள் சொன்ன பாடம்

இந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்பதற்கு எமது நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. நோர்வேயைச் சேர்ந்த பல் வைத்திய ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1970 முதல் 1985 வரை இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தனர். அந்தத் தொழிலாளர்கள் நாம் அறிந்த முறையில் பல் துலக்குவதில்லை. பல் வைத்திய வசதியும் அவர்களை எட்டியிருக்கவில்லை. பல்லெல்லாம் பற்றீரியாப் படலமும் காரையும் கறையும் படிந்திருந்தன. ஏறத்தாழ எல்லோருடைய முரசும் வீங்கியிருந்தது. காலப்போக்கில் முரசு நோயால் பலருக்குப் பற்கள் ஆடி விழுந்தன.

ஆனால் சூத்தை? அநேகமாக இல்லவே இல்லை.

வாய் நிறையக் கிருமிப் படலம் இருந்தும் சூத்தை இல்லாத ஒரு மக்கள் கூட்டம் என் மாணவர்களின் பாட்டன்மார் காலத்தில் இந்த நாட்டில் வாழ்ந்திருக்கிறது. அவர்கள் துலக்காதது நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. முரசு நோய் அவர்களை வருத்தியது. கிருமி மட்டும் தனியாக நின்று சூத்தையை உண்டாக்க முடியாது என்பதே இதில் உள்ள பாடம். முரசின் கதை வேறு, சூத்தையின் கதை வேறு. கடையில் இருக்கும் பெரும்பாலான மவுத்வொஷ்கள் முரசின் கதைக்கு எழுதப்பட்டவை. நாம் அவற்றைச் சூத்தைக்கு வாங்குகிறோம்.

'கெமிக்கல்' போத்தலுக்குள் இருப்பது என்ன?

பாமசித் தட்டில் ஒன்றாக அடுக்கியிருந்தாலும் இவை ஒரே மருந்து அல்ல. முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது குளோரெக்சிடின். 1950களில் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட கிருமிநாசினி. மேலே சொன்ன அதே ஹரால்ட் லோ தான், ஷியோட் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, 0.2 சதவீதக் குளோரெக்சிடினால் நாளுக்கு இரு தடவை கொப்பளித்தால் பற்படலம் உருவாவதையும் முரசு வீங்குவதையும் தடுக்கலாம் என்று 1970இல் காட்டினார். பல் பிடுங்கிய பின்போ முரசுச் சிகிச்சையின் பின்போ வைத்தியர்கள் இதைக் குறுகிய காலத்துக்கு எழுதிக் கொடுப்பது அதனால்தான். நீண்ட காலம் பாவித்தால் பல்லில் கபில நிறக் கறை படியும், நாக்கின் சுவை மாறும். சூத்தையைப் பொறுத்தவரை, பிள்ளைகளில் குளோரெக்சிடின் சிகிச்சை பற்றி 2015இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, அது சூத்தையைத் தடுக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றே முடிவு செய்தது.

இரண்டாவது வாசனை எண்ணெய்கள் கலந்தவை. லிஸ்டரின் இந்த வகையில் பழையது. அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்கத்தை அறிமுகப்படுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரால், 1879இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் தயாரிக்கப்பட்டது. இதிலும் முக்கிய பயன் படலத்தைக் குறைப்பதும் முரசைப் பேணுவதும் தான்.

மூன்றாவது புளோரைட் கலந்த கொப்பளிக்கும் திரவம். இது கிருமியைக் கொல்வதை நம்பி நிற்கவில்லை. பல்லில் கரைந்த இடத்தில் கனியுப்புத் திரும்பவும் படிவதற்கு உதவுகிறது. அப்படிப் படிந்த பகுதி அமிலத்தை முன்னரை விடக் கூடுதலாகத் தாங்கும். 2016இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 15,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்குபற்றிய 37 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. மேற்பார்வையில் ஒழுங்காகப் புளோரைட் கொப்பளித்த பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் சூத்தை சராசரியாக 27 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பாடசாலைகளிலேயே நடந்தவை.

ஆக, 'கெமிக்கல்' என்று நாம் ஒரே சொல்லால் ஒதுக்கும் மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே பிள்ளைகளின் சூத்தையைத் தடுக்கும் உறுதியான ஆதாரம் இருக்கிறது. அதுவும் விழுங்காமல் துப்பத் தெரிந்த, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

மூலிகைப் போத்தலுக்குள் இருப்பது என்ன?

மூலிகையில் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. புறக்கோட்டை கேபோஸ் லேனில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கடுக்காய், கராம்பு, வேப்பம்பட்டை ஆகியவற்றில் பற்றீரியாக்களைக் கட்டுப்படுத்தும் பொருட்கள் இருப்பது பரிசோதனைக் கூடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களிடமும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

2008இல் வெளியான ஒரு சென்னை ஆய்வில், பதின்ம வயதினர் 20 பேரில் பாதிப் பேர் நல்லெண்ணெயாலும் மறுபாதிப் பேர் குளோரெக்சிடினாலும் இரண்டு வாரம் கொப்பளித்தனர். இரு தரப்பிலும் படலத்தில் இருந்த மியூட்டன்ஸ் பற்றீரியாவின் அளவு குறைந்தது. 2010இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வு பெரியது. 8 முதல் 12 வயது வரையான 1501 மாணவர்கள் அதில் பங்குபற்றினர். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா கொப்பளிப்பும் குளோரெக்சிடின் கொப்பளிப்பும் ஒன்பது மாதங்கள் ஒப்பிடப்பட்டன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பது முடிவு.

'மூலிகை கெமிக்கலுக்குச் சமம் என்று நிரூபிக்கப்பட்டது' என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு அடிப்படை இத்தகைய ஆய்வுகள் தான். அவற்றை வாசிக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பற்றீரியா குறைவதும் சூத்தை குறைவதும் ஒரே அளவீடு அல்ல. இரண்டு வாரத்தில் பற்றீரியாவை எண்ணலாம், சூத்தையை எண்ண முடியாது. சூத்தை உருவாக மாதங்களும் வருடங்களும் எடுக்கும்.

இரண்டு, குளோரெக்சிடினுக்குச் சமம் என்றால் எதற்குச் சமம்? சூத்தையைத் தடுக்கிறது என்று தானே நிரூபிக்காத ஒன்றுக்குச் சமம். வகுப்பில் சித்தியடையாத ஒரு பிள்ளைக்கு இணையான புள்ளியை இன்னொரு பிள்ளை எடுத்தால், அதை வைத்து இரண்டாவது பிள்ளை சித்தியடைந்தது என்று சொல்வோமா?

எனவே மூலிகைத் திரவங்கள் முரசுக்கும் வாய் நாற்றத்துக்கும் ஓரளவு உதவலாம். உப்புத் தண்ணீரும் முரசு வீக்கத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் பிள்ளையின் பல்லைச் சூத்தையில் இருந்து காக்க இவற்றை மட்டும் நம்புவதற்கு ஆதாரம் போதாது.

கராம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள யூஜினோல் என்ற பொருள் வலியை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களே நாகவொட்சைட்டோடு யூஜினோலைக் கலந்து தற்காலிக அடைப்புக்குப் பாவிக்கிறார்கள். ஆனால் வலியை அடக்குவது சூத்தையை நிறுத்துவது ஆகாது. கராம்பு எண்ணெய் வைத்த இரவு பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அதே இரவில் பல்லுக்குள் சூத்தை ஆழமாகிக் கொண்டிருக்கும். ஒரு நாள் இரவுக்குக் கைமருந்து சரி, மறுநாள் காலையில் வைத்தியரிடம் போக வேண்டும்.

இடையில் இருப்பதாக நினைக்கும் மதில்

இன்னொரு வேடிக்கை. லிஸ்டரினின் நான்கு முக்கிய பொருட்களில் ஒன்று தைமோல். எமது வீட்டில் வயிற்று வலிக்குக் கொடுக்கும் ஓமத்தின் வாசனைக்குக் காரணமும் அதே தைமோல் தான். மற்றொன்று யூக்கலிப்டஸ் தைலத்தில் உள்ள யூக்கலிப்டோல். இன்னொன்று புதினா வகையில் இருந்து வரும் மென்தோல். நீல நிறப் போத்தலில் இருந்தால் கெமிக்கல், ஓமத் தண்ணீரில் இருந்தால் மூலிகை என்று பெயர் வைத்திருப்பது நாம் தான். பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூலிகை என்பதற்காக ஒன்று தீங்கற்றதாகி விடவும் மாட்டாது. செறிந்த கராம்பு எண்ணெயைப் பிள்ளை விழுங்கினால் ஆபத்து. முரசில் நேரடியாகப் பட்டால் புண்ணாகும். கெமிக்கல் என்பதற்காக ஒன்று நஞ்சாகி விடவும் மாட்டாது. எதுவாக இருந்தாலும் அளவும், அது செய்யும் வேலையுமே கணக்கு.

மிஸ்வாக்கை எங்கே வைப்பது?

இந்த இடத்தில் எமது பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி மிஸ்வாக் பற்றியது. ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னர் பல் துலக்குவதை நபி (ஸல்) அவர்கள் எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அராக் என்று அரபியிலும், உகாய் என்று தமிழிலும் சொல்லப்படும் அந்த மரம் எமது நாட்டுக்கும் அந்நியமானது அல்ல. யால, புந்தல போன்ற வறண்ட கரையோரங்களில் வளரும் அதைச் சிங்களத்தில் மலித்தன் என்பார்கள்.

மிஸ்வாக் குச்சியில் பற்றீரியாவைக் கொல்லும் பென்சைல் ஐசோதயோசயனேற்று என்ற பொருள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் அதன் நாரில் இருக்கிறது. நாளில் பல தடவை படலத்தைத் தேய்த்து அகற்றும் ஒரு பழக்கத்தை அது உருவாக்குகிறது. எந்த மவுத்வொஷும், மூலிகையோ கெமிக்கலோ, ஒட்டிய படலத்தைத் தேய்த்து எடுக்காது. அது தண்ணீர் போல மேலால் ஓடிவிடும்.

ஆனால் மிஸ்வாக்கின் படம் போட்ட பற்பசையோ, மிஸ்வாக் சாறு கலந்ததாகச் சொல்லும் போத்தலோ மிஸ்வாக் ஆகாது. அதில் தேய்க்கும் நார் இல்லை. குச்சியிலும் சூத்தையைத் தடுக்கப் போதுமான புளோரைட் இல்லை. எனவே வுழூவின் போது மிஸ்வாக்கும், இரவு படுக்க முன் புளோரைட் பற்பசையும் என்று இரண்டையும் சேர்த்துக் கொள்வது தான் பிள்ளைகளுக்கு நல்லது. குச்சியின் நுனியை அடிக்கடி வெட்டிப் புதிய நாரை எடுக்கவும், முரசில் இருந்து பல்லின் நுனியை நோக்கித் துலக்கவும் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள்.

அற்ககோல் பற்றியும் கேட்பார்கள். சில மவுத்வொஷ்களில் வாசனை எண்ணெய்களைக் கரைப்பதற்காக அற்ககோல் சேர்க்கிறார்கள். பழைய லிஸ்டரின் வகையில் அது 20 சதவீதத்துக்கும் மேல். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஓர் ஆசிரியையாக நான் சொல்லக் கூடியது, பல்லைக் காப்பதற்கு அற்ககோல் தேவையில்லை என்பதைத் தான். அற்ககோல் இல்லாத வகைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சிறு பிள்ளைகள் விழுங்கக் கூடும் என்பதால், இந்த வீட்டில் அற்ககோல் கலந்த போத்தல் வேண்டாம் என்று முடிவெடுப்பது சுகாதார ரீதியிலும் சரியே.

நான் செய்த பிழை

மற்றவர்களுக்குச் சொல்ல முன் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, புளோரைட் நஞ்சு என்றும் மூளையைப் பாதிக்கும் என்றும் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. விஞ்ஞானம் படிப்பித்துக் கொண்டே நானும் பயந்தேன். வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கடையில் புளோரைட் இல்லாத மூலிகைப் பற்பொடி வாங்கி, ஒரு வருடத்துக்கும் மேலாக அதையே கொடுத்தேன். இரவில் பாலும் பிஸ்கட்டும் வழமை போலத் தொடர்ந்தன. அடுத்த தடவை பல் வைத்தியரிடம் போனபோது இரண்டு கடைவாய்ப் பற்களில் வெள்ளைப் புள்ளிகள் தொடங்கியிருந்தன. பல் கரையத் தொடங்கியதன் முதல் அடையாளம் அது. நேரத்தோடு கண்டதால் அந்தப் பற்கள் பிழைத்தன, அல்ஹம்துலில்லாஹ்.

பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர் வலயப் பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம். அங்கே கிணற்று நீர் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் வெள்ளைக் கோடுகளும் கபில நிறக் கறைகளும் விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். அளவு மிஞ்சினால் புளோரைட் தீங்கு தான். ஆனால் கொழும்பில் குழாயில் வரும் நீர் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் களனி கங்கையில் இருந்தும் வருவது. ஈர வலயத்தின் இந்த மேற்பரப்பு நீரில் புளோரைட் மிகக் குறைவு. அனுராதபுரத்துப் பிரச்சினைக்குப் பயந்து கொழும்புப் பிள்ளையின் பற்பசையை மாற்றியது என் பிழை. உலர் வலயத்தில் இருக்கும் எமது உறவினர்கள் குடிநீரைப் பற்றியும் பிள்ளைகளின் பற்பசை பற்றியும் தமது பிரதேசப் பல் வைத்தியரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது?

பற்பசையை வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். புளோரைட் என்ற சொல் இருக்க வேண்டும். 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆய்வுகளில் பயன் தெளிவாகத் தெரிகிறது. மூலிகைப் பற்பசை தான் விருப்பம் என்றால், புளோரைட்டும் சேர்ந்த மூலிகைப் பற்பசையைத் தேடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி மணியளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துலக்கி விட வேண்டும்.

துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டு மூன்று நான்கு தடவை கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட் கழுவப்பட்டுவிடும். துலக்கிய கையோடு மவுத்வொஷ் பாவிப்பதும் அதே இழப்பைத் தான் தரும். பாவிப்பதானால் வேறொரு நேரத்தில், உதாரணமாகப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாவியுங்கள்.

சீனியின் அளவை விட எத்தனை தடவை என்பதைக் கவனியுங்கள். காலையில் சீனித் தேநீர், இடைவேளையில் பக்கற் பால், பாடசாலை விட்டதும் ஐஸ்பக்கற், மாலை மத்ரஸா வாசலில் டொபி, இரவில் பாலும் பிஸ்கட்டும் என்றால் பல்லுக்குத் திருத்த நேரமே இல்லை. இனிப்பை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு இடைவெளி விடுங்கள். இனிப்புப் பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவுக்கு ஏற்ப நிற அடையாளம் இடப்படுகிறது. சிவப்பு என்றால் அதிக சீனி. அதை வாசிக்கப் பிள்ளைக்கே பழக்கினால், கடையில் அவனே சொல்வான். ரமழானில் நோன்பு திறந்ததில் இருந்து சஹர் வரை ஈச்சம்பழம், சர்பத், பலூடா, வட்டிலாப்பம் என்று தொடர்கிறது. சஹருக்குப் பின் சுபஹ் பாங்குக்கு முன்னர் புளோரைட் பற்பசையால் துலக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லைக் கவனியுங்கள். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைப்பதால், இதுவும் பால் பல் தானே, விழுந்து முளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் திரும்ப வராது. அதன் பள்ளங்களை அடைத்துப் பாதுகாக்கும் பூச்சு ஒன்றும் இருக்கிறது. அது பற்றிப் பற்சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள்.

இந்த நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே பயிற்றப்பட்ட பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் முன்மாதிரியைப் பின்பற்றி 1950களில் தொடங்கிய சேவை இது. கட்டணம் கிடையாது. வோர்ட் பிளேஸில் தேசியப் பல் வைத்தியசாலையும் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், 2015, 2016 காலத்தில் நடந்த தேசிய வாய்ச்சுகாதார ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சூத்தை இருந்தது. சிகிச்சை நிலையத்தில் தரும் துண்டைப் பிள்ளைகள் பையில் மடித்து வைப்பதும், நாம் அதைக் கழுவும்போது கண்டெடுப்பதும் வழக்கமாகிவிட்டது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மத்ரஸா நிருவாகங்களும் வாசலில் என்ன விற்கப்படுகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்தாலே பல பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

அந்தப் பிள்ளையின் பல்லுக்கு என்ன நடந்தது?

மறுநாளே உம்மாவும் மகனும் பல் வைத்தியரிடம் போனார்கள். சூத்தை வேர் வரை போயிருந்தது. பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். அவனுக்கு வயது பத்து. அந்தப் பல்லுக்கு வயது நான்கு. இன்னும் ஐம்பது, அறுபது வருடம் அவன் வாயில் இருந்திருக்க வேண்டிய பல்.

அடுத்த வாரம் அந்த உம்மா மீண்டும் வந்தார். இந்தத் தடவை கையில் போத்தல் எதுவும் இல்லை.

"டீச்சர், மற்றப் பக்கத்துப் பல்ல காப்பாத்த என்ன செய்யோணும்?"

முதல் நாளே அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். நாங்கள் ஆசிரியர்களும் அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அன்று இருவரும் சேர்ந்து பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் போய், மற்றக் கடைவாய்ப் பற்களுக்குப் பூச்சுப் போடுவதற்கு ஒரு திகதி வாங்கினோம். அந்தத் திகதியை அவனுடைய கொப்பியின் முதல் பக்கத்தில் நானே எழுதி வைத்தேன்.